தோக்கத் தெரியாத மிஷினு

ஏலே பேராண்டி, ஸ்க்ராபிள் ஆடுத மிஷினு செஞ்சிருக்கியாம்லா. ஊரே பேசுது. நானும் தந்தி ஆபீஸ்ல இங்கிலீஷ் பழகுன கட்டைதான, ‘ஈஸி’ பொத்தானை அமுக்கி ஆடிப் பாத்தேன்.

மூணு மடங்கு பாயிண்டுக்குச் சிவப்புக் கட்டம் தொறந்து கெடக்கு. உன் மிஷினு அதை விட்டுட்டு, ஓரத்துல போயி ரெண்டு பாயிண்டுக்கு ‘இட்’னு வைக்கு. சரி, பச்சப்புள்ளைன்னு நெனச்சேன். அடுத்த மொறையே ரெண்டு ‘ஏ’வைச் சேத்து ‘ஏஏ’ன்னு வச்சுட்டு. கேட்டா எரிமலைக் கொழம்பாம், ஹவாய்க்காரன் வார்த்தையாம்! சிவப்புக் கட்டம் தெரியாத பயலுக்கு ஹவாய் எப்படிலே தெரியும்?

நீ செஞ்ச வேலை எனக்கு வெளங்கிட்டு. முழு அகராதியையும் அதுக்கு ஊட்டிட்டு, அப்பப்ப பகடை உருட்டி மட்டமானதை வையின்னு சொல்லியிருக்க. சின்னப்புள்ளைகூட தாயம் ஆடுத பெரியவுக தோத்துக் குடுப்பாகள்லா, அந்த மாதிரிதான். புள்ளைக்கே அது தெரிஞ்சு போயிரும், எனக்குத் தெரியாதா?

அகராதியைச் சுருக்குலே. ஈஸிக்குப் பேப்பர்ல தெனம் வருத வார்த்தை மட்டும் போதும். அதுக்குள்ள அது மூச்சுப் பிடிச்சு ஆடட்டும், சிவப்புக் கட்டத்தை விடவே கூடாது. ஏழு காயையும் ஒரே மொறையில எறக்கி 50 பாயிண்டு கூடுதலா அள்ளுதது மட்டும் அபூர்வமா இருக்கணும். கத்துக்குட்டி கண்ணுக்கு நீள வார்த்தை லேசுல சிக்காது. அப்புறம், நான் கண்ணாடியைத் தொடைக்கும் முன்ன அது காயை வைக்கக் கூடாது. செத்த யோசிக்க மாதிரியாவது நடிக்கட்டும்.

வார்த்தை தேடுததுல மீசை முறுக்காத. 1988லயே ஆப்பெலும் ஜேக்கப்சனும் அகராதியை ஒரு வலைப்பின்னலா மடக்கி, வைக்கத் தோதான வார்த்தை பூராவையும் சட்டுனு எடுத்துக் காட்டிட்டாக. 2006ல டொரன்டோவுல ‘குவாக்கிள்’ங்கிற மிஷினு, முன்னாள் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸை 3-2ன்னு சாச்சுட்டு. ஜெயிக்கச் சொல்லிக் குடுக்கது பழைய கதை. மனுசன் மாதிரி தோக்க வையி, அப்பம் உன்னைக் கெட்டிக்காரன்னு ஒத்துக்கிடுதேன்.

இன்னொண்ணு. ‘கஷ்டம்’னு இருக்க பொத்தானை உங்க ஆச்சி கண்ணுல காட்டிராத. அவ என்னைய ஏற்கெனவே நல்லாத் தோக்கடிச்சிக்கிட்டுதான் இருக்கா.