கழுதைமுள்ளி வச்ச தூண்

வாடா பேராண்டி, உக்காரு. உன் புது வூட்டுலதான் திண்ணை கெடையாதே, இந்தப் பழைய திண்ணையிலயே உக்காரு. மேஸ்திரி போன்ல எனக்கும் படத்தக் காட்டுனான். வாசல்ல நாலு தூணு, தென்னமர ஒசரம். உச்சியில கொத்துக் கொத்தா இலை. "ரோமன் மாடல், சிங்கப்பூர்ல பாத்தேன்"னு சொன்னியாமே. நல்லது. நாகப்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போறவன் கோயிலுன்னு நெனச்சு வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வரப்போறான், பாத்துக்க.

கோச்சுக்காம ஒரு சேதி கேளு. அது ரோமாபுரிக்காரன் வூட்டுச் சொத்து இல்ல, கிரேக்கன்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது. அந்த இலை என்ன இலைன்னாவது மேஸ்திரி சொன்னானா? கழுதைமுள்ளிடா, கழுதைமுள்ளி.

சிரிக்காத, நெசந்தான். நான் பள்ளிக்கூடம் போவாதவன். ஆனா தரங்கம்பாடியில பழைய வூடு ஒண்ணுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலைக்குப் போனப்ப, இன்ஜினியர் தம்பி ஒருத்தரு மத்தியான சோத்து நேரத்துல கதையா சொல்லுவாரு. கொரிந்துன்னு ஒரு ஊரு. கல்யாண வயசுல அங்க ஒரு பொண்ணு செத்துப்போச்சு. வளத்த ஆயா மனசு கேக்காம, பொண்ணு ஆசையா வச்சிருந்த சாமான ஒரு கூடையில போட்டு சமாதி மேல வச்சுது. மழைக்கு நனையக் கூடாதுன்னு மேல ஒரு ஓட்டையும் மூடிட்டுப் போச்சு. கூடைக்கு அடியில ஒரு முள்ளி வேரு கெடந்திருக்கு. பருவம் வந்ததும் துளுத்து, கூடையச் சுத்தி ஏறி, ஓடு இடிச்சதும் நுனியெல்லாம் வெளிப்பக்கமா சுருண்டுக்கிச்சு. அந்த வழியா போன கல்லிமாக்கஸ்ங்கிற சிற்பி பாத்தான். அத அப்படியே தூணுக்குத் தலையா வச்சுட்டான். விட்ருவியஸ்னு ரோமாபுரி ஆளு ஒருத்தன் 2000 வருசத்துக்கு முன்னாடி எழுதிவச்ச கதை இது.

அந்தச் செடிக்கு அவன் ஊருல அகாந்தஸ்னு பேரு. அதோட பங்காளிதான் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேத்துல கெடக்குற கழுதைமுள்ளி. ஆடு கூட யோசிச்சுத்தான் வாய வைக்கும். சமாதிக் கூடைய நீ கிரகப்பிரவேசத்துக்கு வாசல்ல நிறுத்துற. அதுவும் ஒரு தூணுக்கு ஒரு கறவ மாட்டு வெலை குடுத்து!

கிரேக்கன் தூணு மூணு சாதி. டோரிக்னு ஒண்ணு. அது நம்ம நடவு ஆளு மாதிரி. காலுக்குச் செருப்பு கெடையாது, வெறும் தரையில நிக்கும். தலையில ஒரு சும்மாடு, அதுக்கு மேல ஒரு பலகை, அதுக்கு மேல செமை. அவ்வளவுதான். ஆம்பள பாதத்த அளந்தா ஒசரம் அதுல 6 மடங்கு வருதுன்னு அதே கணக்குல தூண நிறுத்துனாங்களாம். ஒடம்பு பூரா மேலேர்ந்து கீழ 20 வாய்க்கா. வாய்க்காலுக்கு நடுவுல வரப்பு கத்தி மாதிரி இருக்கும். அயோனிக் பொம்பளக் கணக்கு, 8 மடங்கு ஒசரம். காலுக்குப் பீடம் உண்டு. தலையில ரெண்டு பக்கமும் கெடாக் கொம்பாட்டம் சுருள். வாய்க்கா 24, வரப்பு கொஞ்சம் அகலம். மூணாவதுதான் உன் கொரிந்தியன், தலப்பா கட்டுன கல்யாண மாப்ள. மாப்ளைக்கு வேலை ஒண்ணும் இருக்காது, செலவு மட்டும் இருக்கும்.

ஆனா கிரேக்கன் முட்டாளு இல்லடா. மொதல்ல அவன் கோயில மரத்துலதான் கட்டிக்கிட்டு இருந்தான். கல்லுக்கு மாறுனப்பவும் உத்தரத்து முனைய மூடுன பலகையோட அழக விட மனசில்லாம, கல்லுலயே அத வரி வரியா செதுக்கிட்டான்னு விட்ருவியஸ் சொல்றான். நம்ம ஆளு மட்டும் சளைச்சவனா? ஆவுடையார்கோயில் கொடுங்கையப் போயி அண்ணாந்து பாரு. கல்லுலயே வாரை, கல்லுலயே குமிழாணி.

தூணுக்கு மேல பொதிகைன்னு ஒண்ணு வைக்கிறாங்களே, எதுக்குன்னு நெனக்கிற? கல்லு உத்தரம் நீளமா போனா நடுவுல முறியும். தூணுத் தலைய ரெண்டு பக்கமும் கைய நீட்டுனாப்ல அகலப்படுத்திட்டா உத்தரத்துக்குத் தாங்கல் கெடைக்கும். மொதல்ல வேலை, அப்புறந்தான் அலங்காரம். பல்லவன் காலத்துல அந்தக் கை அலை அலையா சுருண்டு இருக்கும், தரங்கப் பொதிகைம்பாங்க. சோழன் காலத்துல வெட்டி, நடுவுல நாக்கு நீட்டுன மாதிரி மதலை வச்சாங்க. நாயக்கர் காலத்துல வாழப்பூ தொங்குறாப்ல ஆயிடுச்சு. பாண்டிச்சேரியில வாத்தியாரா இருந்த ழுவோ துப்ரேய்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, பேரு எனக்கு வாயில நொழையல, பொதிகையப் பாத்தே கோயிலு எந்தக் காலம்னு சொல்லலாம்னு 1914ல புஸ்தகமே போட்டுட்டாரு. உன் வூட்டுத் தூணப் பாத்து நாளைக்கு எவனாவது காலம் சொல்லணும்னா, "சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்குக் கடன் அடைச்ச மறு வருசம்"னு சொல்லுவான்.

தரங்கம்னா அலை. தரங்கம்பாடிக்கே அந்தப் பேருதான். 1620ல தஞ்சாவூரு ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி டேனிஷ்காரன் கோட்டை கட்டுனான். 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுக் கெளம்பிட்டான். நடுவுல அவன் கட்டுன வூடுங்களப் பாரு. கிரேக்கத் தூணோட அக்கா தங்கச்சி மாதிரி வெள்ளையா, உருண்டையா, இலை தழை இல்லாம வரிசையா நிக்கும். ஏன் வாசல்ல நிறுத்துனான்? பவுசுக்கா? நம்ம வெயிலு மண்டையப் பொளந்துச்சு, தாழ்வாரம் போட்டு நெழலுல ஒக்காந்தான். செங்கல்ல கட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசுனது. உப்புக் காத்துக்கு அது அசையல. உன் தூணுக்குள்ள கம்பி இருக்கு. கடக்காத்து கம்பியத் துருவாக்கி ஊத வைக்கும். சிமிட்டி வெடிக்கும். கழுதைமுள்ளி ஒவ்வொரு இலையா உன் கார் மேல உதுரும்.

தூணு மேல ஆசப்பட்டவன் நீ மட்டும் இல்லடா. சென்னைக் கோட்டையில பல்லாவரத்துக் கருங்கல்லுல 32 தூணு நின்னுச்சு. 1746ல பிரெஞ்சுக்காரன் ஊரப் புடிச்சதும் தூணப் புதுச்சேரிக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் புதுச்சேரியப் புடிச்ச இங்கிலீஷ்காரன் மறுபடி தூக்கிட்டு வந்தான். பச்சையப்பன் பேருல சென்னையில 1850ல தொறந்த மண்டபம் ஏதென்ஸ் கோயிலு ஒண்ணப் பாத்துக் கட்டுனது. அங்க கிரேக்கத் தூணுக்குக் கீழ நம்ம புள்ளைங்க நின்னு படிச்சிச்சு. அது தாங்குனதுக்கு ஒரு கணக்கு இருக்கு.

உன் தூணு எதத் தாங்குது? மொதத் தூணு நின்னுடுச்சேன்னு நேத்து சாயங்காலம் போயி தட்டிப் பாத்தேன். டொக்கு டொக்குன்னுச்சு. உள்ள இருக்குற ஒத்த பில்லருதான் செமக்குது, சுத்தி இருக்குறதெல்லாம் சட்டை. மேஸ்திரியக் கேட்டா, "எலிவேஷன் பெரியவரே"ன்னு பல்லக் காட்டுறான்.

நீ சாஞ்சிருக்கியே, இந்தத் தேக்குத் தூணத் திரும்பிப் பாரு. ஒக்காந்தா தலை படுற ஒசரத்துல கருப்பா, வழவழன்னு இருக்கா? அது ஒங்க முப்பாட்டன் தலையில வச்ச நல்லெண்ணெய். அதுக்கு மேல எங்கப்பாரு, அப்புறம் நான். மேல ஓட்டையும் தாங்குச்சு, கீழ எங்களையும் தாங்குச்சு. உன் கொரிந்தியன்ல எவன் சாய்வான்? முதுகு அரிச்சா சொறிஞ்சுக்கலாம், வரப்பு அதுக்கு ஒதவும்.

நிறுத்தாதன்னு சொல்லலடா. நிறுத்து, ஆசதானே. ஆனா தூணு தூணுக்கு நடுவுல முட்டி ஒசரத்துக்கு ஒரு திண்ணையப் போட்டு நிறுத்து. மழைக்கு ஒதுங்குறவன் ஒக்காரட்டும், நானும் வந்து சாஞ்சு வெத்தல போடுறேன். இலைக்கு மட்டும் காசு குடுக்காத. முத்துப்பேட்டைக்கு ஆளு அனுப்புறேன், ஒரு சாக்கு ஓசியிலயே வரும்.