தீர்மானத் தேய்மானம்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

புத்தாண்டுத் தீர்மானம் என்பது யாது? வரப்போகும் ஆண்டில் தான் வேறொரு ஆளாகிவிடுவதாக எண்ணிக்கொண்டு, அந்த வேறொரு ஆளுக்கு இன்றே வேலை ஏவுவது என்க. இதில் ஏவுபவர், ஏவப்படுபவர், ஏவல் என மூன்று உள. ஏவுபவர் டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு மிகத் தெளிவாக இருக்கிறார். ஏவப்படுபவர் ஜனவரி 1 காலை ஒன்பது மணிவரை எழுந்திருக்கவில்லை. ஏவல் மட்டும் டைரியின் முதல் பக்கத்தில், ஆண்டு முழுவதற்குமான நல்ல கையெழுத்தையும் தானே செலவழித்துவிட்டு, தனியாகக் கிடக்கிறது.

அஃதேல், நேர்ந்துகொள்வதும் இவ்வகையே அன்றோ எனின், அன்று. பழநிக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டவருக்கு எதிரே முருகன் இருக்கிறான். முருகன் மறந்தாலும் மாமியார் மறக்கமாட்டார். உடற்பயிற்சிக்குப் போவதாகத் தீர்மானித்தவருக்கு எதிரே ஆளில்லை. ஜிம்காரர் இருக்கிறாரே எனின், வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிவிட்ட ஜிம்காரர் நாம் வராமலிருப்பதையே விரும்புவார் என்க. கேட்க ஆளில்லாத தீர்மானம் தேயும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இத்தேய்வுக்குத் தீர்மானத் தேய்மானம் எனப் பெயர் சூட்டப்படுகிறது. வருமான வரித்துறை இதற்குக் கழிவு தருவதில்லை.

களம்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஆய்வுக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஆய்வாளர் அங்கே வாடகைக்குக் குடியிருப்பதே காரணம் எனச் சிலர் கூறக்கூடும். அது துணைக்காரணமே. முதற்காரணம், அங்கே சிறிய நிலப்பரப்பில் நெருக்கியடித்துக் குவிந்து கிடக்கும் புத்தாண்டுகள்.

2025ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 1 எல்லாருக்கும் பொது. மார்ச் 30 யுகாதி. சந்திரக் கணக்கில் ஆண்டை எண்ணுவோர்க்கு அன்று தொடக்கம். ஏப்ரல் 1 ஆடிட்டர்களின் புத்தாண்டு. இதற்கு ஏனோ யாரும் பாயசம் வைப்பதில்லை. ஏப்ரல் 14 மலையாளிகளுக்கு விஷு, நமக்குச் சித்திரை முதல் நாள். ஜூன் 27 கச்சு மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு ஆஷாடி பீஜ். அதே நாளில் முஹர்ரம் பிறை ஒன்றும் வந்து ஹிஜ்ரி 1447 தொடங்கியது. ஆகஸ்ட் 17 மலையாளச் சிங்கம் மாதம் ஒன்று, கொல்லம் ஆண்டு 1201. செப்டம்பர் 22 சூரியன் மறைந்ததும் யூதர்களின் 5786 பிறந்தது. அக்டோபர் 22 குஜராத்திகளின் விக்கிரம ஆண்டு 2082.

இப்பட்டியலில் மிக நீண்ட வறட்சி ஜனவரி 1க்கும் யுகாதிக்கும் இடைப்பட்ட 88 நாள்தான். அதாவது, மட்டாஞ்சேரியில் ஒருவருடைய தீர்மானம் எந்தத் தேதியில் முறிந்தாலும், அதிகம் போனால் 88 நாளில் அடுத்த புத்தாண்டு வாசலுக்கு வந்துவிடும். பிற ஊர்க்காரர் பிப்ரவரியில் மனமுடைந்து டிசம்பர் வரை வெட்கத்தோடு உலவவேண்டியிருக்கிறது. 2008 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் தை முதல் நாளே புத்தாண்டு எனச் சட்டம் இருந்தபோது, ஜனவரிக்குள்ளேயே இரண்டு வாய்ப்பு கிடைத்தது. அந்தப் பொற்காலத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கொச்சியின் தகுதிக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சிக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பர். அவ்வெள்ளத்தில் மண் ஒதுங்கி வைப்பின் தீவு உருவானதாகக் கொண்டு, புதுவைப்பு என்றோர் ஆண்டுக்கணக்கே இங்கே தொடங்கியது. பிற நாடுகளில் ஓர் ஆண்டுக்கணக்கு தொடங்க ஒரு மகான் பிறக்கவேண்டும், அல்லது ஒரு மன்னன் முடிசூடவேண்டும். கொச்சியில் சேறு போதுமாக இருந்தது. யூதத் தெருக் கோடியில், பரதேசி சினகாக் என்னும் யூத ஆலயத்தின் அருகே 1760இல் எழுந்த மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமன், ஒன்றில் மலையாளம். நேரத்தையே மூன்று விதமாகப் படித்த ஊர், ஆண்டை ஒன்றோடு விட்டுவிடுமா?

தரவு

கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதற்கு இரு மூலங்கள் கிடைக்கின்றன. ஒன்று டைரி. இன்சூரன்ஸ் ஏஜென்ட் இலவசமாகத் தந்தது. தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். டைரிக்கு எதிர்காலம் ஒன்றே காலம். எழுவேன், நடப்பேன், படிப்பேன், சேமிப்பேன் எனத் தன்மை ஒருமை வினைமுற்றுகளாக அது ஜனவரி 9 வரை செல்கிறது. பிறகு மார்ச்சில் ஒரு பக்கத்தில் பிளம்பரின் போன் நம்பர்.

மற்றொன்று சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும் மனோரமா காலண்டர். வரலாற்று ஆசிரியர்கள் இதுவரை இதைக் கண்டுகொள்ளாதது வியப்பே. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அக்கட்டத்தில் நாள்மீன், ராகுகாலம் போக மிஞ்சிய அரை அங்குலத்தில் மனைவியின் பென்சில். "கேஸ்." "பால் ரெண்டு." "பால் இல்லை." "மீன் 120 பாக்கி." "கரண்ட் பில் கட்டியாச்சு (நான்தான்)." ஆகஸ்டில் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டமிட்டு, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறது. என்னவென்று கேட்டேன். "உங்களுக்கு ஞாபகம் வருதான்னு பார்க்கத்தான்" என்றாள். இன்னும் வரவில்லை.

டைரி சொல்வது நடக்கவேண்டியது, காலண்டர் சொல்வது நடந்தது. ஆண்டு இறுதியில் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் பெருகும் 'திரும்பிப் பார்க்கிறேன்' வகை இலக்கியம் இவ்விரண்டையும் பார்க்காமலே எழுதப்படுகிறது என்பது என் துணிபு. "இந்த ஆண்டு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது" என்று அதில் வரும். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்றுகூட அந்த ஆண்டு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்காது.

எரிப்போர்

பழைய ஆண்டை என்ன செய்வது என்பதில் இவ்வட்டாரத்தில் நான்கு மதம் உண்டு. முதலாவது எரிப்போர் மதம். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் டிசம்பர் 31 நள்ளிரவில் பப்பாஞ்சி என்ற தாத்தாவை எரிக்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்து வழக்கத்தின் மிச்சம் என்று சொல்வார்கள். கோட்டு, தாடி, வயிறு நிறைய வைக்கோல். 1984 முதல் நடக்கும் கொச்சின் கார்னிவலின் உச்சம் இதுவே. சந்துகளில் பையன்கள் அப்பாவின் பழைய பேன்ட்டில் வைக்கோல் அடைத்துச் சிறு பப்பாஞ்சிகளை நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அப்பா அந்த பேன்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

இம்மதத்தின் குறை யாதெனின், தாத்தாவின் வயிற்றில் நாம் செய்தது எதுவும் இல்லை. தென்னமெரிக்காவின் ஈக்வடாரிலும் இதே இரவில் பழைய ஆண்டைப் பொம்மையாக்கி எரிக்கிறார்கள். ஆனால் அங்கே எரிக்குமுன் பழைய ஆண்டின் உயிலை வாசிப்பார்கள். யாருக்கு என்ன குறையை விட்டுச்செல்கிறது என்று கிண்டலும் கேலியுமாக. கொச்சியில் உயில் கிடையாது, வாரிசுகளின் நெரிசல் மட்டும் உண்டு. நம் போகியும் பழைய பாயைக் கொளுத்துமே தவிரப் பாயில் படுத்துக் கிடந்ததைப் பற்றிக் கேட்காது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையமே தடுமாறியது. பழையன கழிதலில் முதலில் கழிந்தது ஓடுபாதை.

2022 டிசம்பரில் பப்பாஞ்சியின் முகம் பிரதமரைப் போல் இருக்கிறதென்று பாரதிய ஜனதா கட்சியினர் எதிர்த்தார்கள், முகம் மாற்றப்பட்டது. போன ஆண்டுக்கு யார் முகத்தை வைப்பது என்பது உண்மையில் ஆழமான தத்துவச் சிக்கல். ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பொருத்தியிருந்தால் புகார் வந்திருக்காது. கூட்டமும் வந்திருக்காது.

கணக்கு முடிப்போர்

குஜராத்தித் தெருவில் தீபாவளியன்று சோப்டா பூஜை. சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் 'சுபம், லாபம்' என்று எழுதிப் பூஜை செய்வார்கள். கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபிறகும் பேரேடு வருகிறது. சில இடங்களில் மடிக்கணினிக்கும் குங்குமம் உண்டு. மசாலா மொத்த வியாபாரி ஒருவரிடம், "சேட்டு, சுபம் லாபம்னு எழுதுறீங்களே, நஷ்டம்னு ஏன் எழுதுறதில்லை?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் உள்ள முந்நூறு பக்கம் இருக்கே சார்" என்றார். எடுக்கும் தீர்மானம் ஒரு வரி, நடப்பதற்கு முந்நூறு பக்கம். இவ்விகிதத்தை நம் டைரிகள் தலைகீழாக வைத்திருக்கின்றன.

இதைவிடக் கூர்மையான சான்று மிளகில் இருக்கிறது. யூதத் தெருவில் 1957இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் முன்பேர வணிகம் கூக்குரலில் நடந்த காலம் ஒன்றிருந்தது. இன்னும் கொடியிலேயே இருக்கும் மிளகை, இன்ன மாதம் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் கத்துவார், இன்னொருவர் எடுத்துக்கொள்வதாகக் கத்துவார். வருங்காலத்தைப் பற்றி உரக்கச் சொன்ன வாக்குறுதி என்ற அளவில் இது புத்தாண்டுத் தீர்மானமே. ஆனால் இங்கே மார்ஜின் கட்டவேண்டும். விலை எதிர்த்திசையில் நகர்ந்தால் வித்தியாசத்தை அன்றன்றைக்கே எடுத்துவைக்கவேண்டும். நாளை முதல் ஐந்து மணிக்கு எழுவேன் என்று கூவியவரிடம் ஜனவரி 2 மாலையே வந்து, "மூன்றரை மணிநேரம் குறைகிறது, எடுங்கள்" என்று கேட்க ஒரு குமாஸ்தா இருந்திருந்தால் நாட்டின் நிலையே வேறு.

முன்பேரத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மிளகு கைமாறுவதே இல்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. கெடுவுக்குமுன் எதிர் ஒப்பந்தம் போட்டுக் கணக்கை நேர்செய்துவிடுவார்கள். எனவே தீர்மானம் நிறைவேறாதது இழுக்கன்று. கெடு வருமுன் அதை வேறொருவர் தலையில் முறைப்படி கட்டிவிடாததே இழுக்கு. ஜூனுக்குள் இந்தி கற்பேன் என்றவர் மே மாதத்திலேயே அதை மைத்துனனுக்கு விற்றிருக்கலாம்.

மன்னிப்போர், வெளுப்போர்

மட்டாஞ்சேரியில் தர்மநாத் ஆலயத்தைச் சுற்றி வாழும் ஜைனர்கள் பர்யூஷண விரதத்தின் முடிவில், சம்வத்சரி நாளில், ஒருவரிடம் ஒருவர் 'மிச்சாமி துக்கடம்' சொல்லி ஆண்டு முழுவதற்கும் மன்னிப்புக் கேட்கிறார்கள். இப்போது இதை வாட்ஸ்அப்பில் ஒரே தட்டில் இருநூறு பேருக்கு அனுப்பிவிடலாம். என்றாலும் எதிரே ஒரு பெயர் இருக்கிறது. இவர்கள் தீர்மானம் எடுப்பதில்லை, பாக்கி தீர்க்கிறார்கள்.

யூதர்கள் இன்னும் ஒருபடி மேலே. புத்தாண்டிலிருந்து பத்து நாள் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு, பத்தாம் நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் கோல் நித்ரே ஓதுவார்கள். இறைவனிடம் செய்து நிறைவேற்ற முடியாமற்போகும் பொருத்தனைகள் செல்லாதென அறிவிக்கும் வாசகம் அது. அடுத்த யோம் கிப்பூர் வரை செய்யப்போகும் பொருத்தனைகளையும் முன்கூட்டியே ரத்து செய்யும் வழக்கம் அதிலே உண்டு. மனித இயல்பை இவ்வளவு நன்றாக அறிந்த சட்டம் வேறில்லை. சக மனிதருக்குக் கொடுத்த வாக்கு இதில் அடங்காது; கடன் வாங்கியவர்கள் அவசரப்பட வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இத்தகைய கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி பத்து ஆண்கள் வேண்டும். 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கில், பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின், வெளியூர் விருந்தினர் வந்தாலொழியப் பத்துப் பேர் சேர்வது பல ஆண்டுகளாகவே அரிது. கோரம் இல்லை. ஆகவே மட்டாஞ்சேரியில் பொருத்தனைகள் ரத்தாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்தத் தெருவில் நடக்கும்போது பழம்பொருள் கடைகளைப் பார்த்து எல்லாரும் வியக்கிறார்கள். அங்கே உள்ளதிலேயே பழம்பொருள் இந்த நிலுவைதான்.

நான்காவது மதம் நம்மவருடையது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் வண்ணார் குடும்பங்கள் ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானா என்னும் சலவைக்கூடத்தில் இன்றும் துவைக்கிறார்கள். இரட்டைப் புரி முறுக்கிய கயிற்றில், புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவார்கள். கிளிப் கிடையாது, காற்றுக்கும் அசையாது. பழையதை எரிக்காமல், மன்னிக்காமல், அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, உரியவரிடமே திருப்பிக் கொடுக்கும் இம்மதமே தலையாயது என்க. அங்கே கஞ்சி முக்கிக்கொண்டிருந்த பாட்டியிடம், "புது வருஷத்துக்கு என்ன தீர்மானம் பாட்டி?" என்றேன்.

"போன ஓணத்துக்குப் போட்ட பட்டுச்சேலையை ஒருத்தி இன்னும் வாங்கிட்டுப் போகலை தம்பி. அவளைப் போய் முதல்ல கேளு."

எஞ்சிய மறுப்பு

ஆண்டு முடிந்தால்தானே தீர்மானம் காலாவதியாகும், ஆண்டே முடியாவிடில் எனின், அதற்கும் இவ்வட்டாரத்தில் சான்று உண்டு. 2024 டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைந்தார். அரசு துக்கத்தை முன்னிட்டு ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் பப்பாஞ்சி எரிப்பு ரத்தாயிற்று. வேளி மைதானத்திலோ உயர்நீதிமன்றம் வரை சென்று அனுமதி வாங்கிய இன்னொரு பப்பாஞ்சி எரிந்தது. எரிப்போர் நூலைக் கறாராகக் கொள்ளின், வேளி வட்டாரத்தில் 2024 முறைப்படி முடிந்தது. பரேடு மைதானத்து எல்லைக்குள் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு எரிவது அடுத்த ஆண்டின் தாத்தாவே. இவருக்கு அவர் ஈடாகார்.

2024இல் எடுத்த தீர்மானத்தை இன்னும் தொடங்காதவர்கள் பரேடு மைதானத்தைச் சுற்றி வீடு பார்க்கலாம். டிசம்பரில் ஹோம்ஸ்டேக்காரர்கள் கண்டபடி கேட்பார்கள். ஜூன் மழையில் போனால் பேரம் படியும்.