கேள்வி-பதில்: பட்டறையில் மறையும் பென்சில்

கேள்வி: எங்கள் தச்சுப் பட்டறையில் பென்சிலும் மூலைமட்டமும் திருப்புளியும் கணந்தோறும் காணாமற்போகின்றன, வேலை நேரத்தில் பாதி தேடுவதிலேயே கழிகிறது. பரிகாரம் உண்டா?

பதில்: பென்சிலுக்குக் கால் முளைப்பதில்லை, அளவைக் குறித்த மறுகணமே சித்தம் முழுவதும் கோட்டிலும் ரம்பத்திலும் லயித்துவிடுவதால், கையானது அதைத் தன்னிஷ்டப்படி எங்கேனும் வைத்துவிடுகிறது, அதன்மேல் இழைப்புளி உதிர்க்கும் மரச்சுருளும் விழுந்துவிட்டால், பிறகு நினைவைக் குடைந்து பிரயோஜனம் இல்லை.

தச்சர் பென்சிலைத் தட்டையாகச் செய்திருப்பதே, சாய்ந்த பலகையிலிருந்து அது உருண்டோடாமல் இருப்பதற்காகத்தான். அனுபவசாலிகள் அதைக் காதில் செருகிக்கொள்வதும் அலங்காரத்துக்கு அன்று. மரச்சுருள் மூடமுடியாததும், நாம் போகுமிடமெல்லாம் கூடவே வருவதுமான ஸ்தானம் பட்டறையில் அது ஒன்றே.

மற்றக் கருவிகளுக்குச் சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் அதில் வர்ணத்தால் வரைந்து, அந்த உருவத்தின்மேலேயே அதை மாட்டுங்கள். மாலையில் வெறுமையாய் நிற்கும் உருவம், எந்தக் கருவி இன்னும் வீடு திரும்பவில்லை என்பதைத் தானே சொல்லிவிடும். சிற்றுளி, திருப்புளி இவற்றின் பிடிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினால், சுருள் குவியலுக்குள்ளும் அவை கண்ணில் படும். கூட்டிய குப்பையைக் கொட்டுமுன், அதன்மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்புத் திருகாணிகள் தப்பாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பென்சிலை மட்டும் ஒன்றோடு நிறுத்தாமல், மூலைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விலை அற்பம். தேடிக் கழித்த காலமோ எந்த விலைக்கும் மீளாது. இடம் வகுக்கப்படாத கருவி, பாதி தொலைந்த கருவியே.