தீயே, உன்னிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா?

காஞ்சிபுரத்துக்காரனுக்கு மலை ஏறத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள்ளேயே அத்திகிரி இருக்கிறது. மொத்தம் 24 படி. 2019-ல் அத்தி வரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பந்தல் வந்தது, தண்ணீர் வந்தது, பேருந்து வந்தது, விஐபி பாஸும் தவறாமல் வந்தது. நெரிசலில் சில உயிர்கள் போயின. ஆனாலும் அரசு மனம் வைத்தால் எதையெல்லாம் கொண்டுவர முடியும் என்பதைக் கண்ணாரக் கண்ட ஊர் இது.

மாசி முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தால் நம்மூர்ப் பையன்கள் வேன் பிடித்து மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பர்வதமலை, வெள்ளியங்கிரி, இன்னும் துணிந்தவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற காடுகள். அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. தறிக்கூடத்திலும் ஒரகடத்துத் தொழிற்சாலையிலும் அடைந்து கிடப்பவனுக்கு இரண்டு நாள் மலைக்காற்று பட்டால் என்ன குறைந்துவிடும்? என் கோபமெல்லாம் மலையடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காகிதத்தின் மேல்தான்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர் ஆட்களைக் காட்டுத்தீ வளைத்தது. பனி குறைந்து மழையும் எட்டாத மாதம் அது. ஆள் உயரப் புல் சருகாய்க் காய்ந்து நிற்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், அதுவும் மனிதனைவிட வேகமாக. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் அந்த மலையடிவாரத்துச் சனங்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும். எரிந்த உடம்புகளை டோலி கட்டி இருட்டில் இறக்கினார்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் அவர்களுக்குப் பின்னால்தான்.

அதற்குள் வனத்துறை ஆபீஸில் வேறொரு தீ பற்றிக்கொண்டது. அவர்கள் வாங்கிய அனுமதி மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பாதைக்கா, கொழுக்குமலைப் பாதைக்கா? பெரிய கேள்விதான். தீயும் அதைக் கேட்டிருக்க வேண்டும்: 'டாப் ஸ்டேஷன் சீட்டா? அப்படியென்றால் இந்தப் பக்கம் ஏன் வந்தீர்கள்?' டாப் ஸ்டேஷன் சீட்டு வாங்கி டாப் ஸ்டேஷன் பாதையில் போனவனைத் தீ தொடாது என்று வனச்சட்டத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா, தெரியவில்லை.

வழக்கம்போல் விசாரணைக்கு ஓர் ஐஏஎஸ் அதிகாரியைப் போட்டார்கள். நம் நாட்டில் விசாரணை அறிக்கைகள் எல்லாம் அனந்தசரஸ் குளத்து அத்தி வரதர் மாதிரி, தண்ணீருக்கு அடியில் சயனம். வரதராவது 40 வருஷத்துக்கு ஒருமுறை சொன்ன தேதிக்கு வெளியே வந்துவிடுகிறார்.

அதே குரங்கணி மலையின் பழைய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பி வழியில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு போடிக்கு வண்டிப்பாதை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போகிற வரை தேயிலைப் பெட்டி பத்திரமாக மலை இறங்கியது. லண்டனில் அதற்கு விலை இருந்தது, அதனால் வழியும் இருந்தது. மனுஷனுக்கு இன்றைக்கும் டோலிதான்.

குரங்கணிக்குப் பிறகு தடை வந்தது, விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது: 40 பாதை, ஆன்லைன் முன்பதிவு, சுலபம், மிதம், கடினம் என்று தரம். உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டியாக வைத்தது நல்ல காரியம். வயிற்றெரிச்சலோடு சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும் சரிதான். மூடிவிட்டால் மட்டும் தீ வராமல் போகுமா? தை, மாசியிலேயே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். பாதையில் விழுந்த மரத்தை அகற்ற வேண்டும், மண் சரிந்த இடத்தில் கல் அடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்பவன் தீக்காவலன் என்ற பெயரில் சில மாதம் மட்டும் கூலிக்கு நிற்பவன். ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் பச்சைக்குழை. அந்தக் குழையால் அடித்து அடித்துத்தான் அவன் தீயை அணைக்கிறான். இணையதளத்தைப் பொத்தான் அழுத்தித் திறந்து வைக்கலாம். புல் செதுக்கிய கோட்டைத் திறந்து வைக்க எந்த அமைச்சர் வருவார்? அங்கே ரிப்பன் கட்டத் தூண்கூடக் கிடையாது.

எங்கள் பக்கத்துச் சங்கதிக்கு வருகிறேன். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு, அல்லேரி மலை, அத்திமரத்துக்கொல்லை. 2023 மே மாதம் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், இதற்கு மேல் வண்டி ஏறாது என்று பாதி வழியில் இறக்கிவிட்டது. பெற்றவள் மகளைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். சாலை ஏன் இல்லை என்று அப்போது கேட்டதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது. காட்டைக் காப்பாற்றுகிறார்களாம்.

அடுத்த ஆண்டு 40 பாதைகளுக்குப் பட்டியல் போட்டபோது இந்த மலைப்பாதையை 41-வதாகச் சேர்த்திருக்கலாம். கையேட்டு வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்:

அல்லேரி மலைப்பாதை. தரம்: கடினம். தொடக்கம்: ஆம்புலன்ஸ் நிற்கும் இடம். முடிவு: ஊர். ஏற்ற காலம்: ஆண்டு முழுவதும், நோய் வரும்போதெல்லாம். வழிகாட்டி: தேவையில்லை, வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. கொண்டுவர வேண்டியவை: தொப்பி, தண்ணீர், விஷமுறிவு மருந்து. கட்டணம்: ஏற்கெனவே வசூலிக்கப்பட்டது.