மைலேஜ் மாமா

விஷ்ராந்த்வாடி சௌக்கிலிருந்து தானோரிப் பக்கம் திரும்பினாலும் சரி, டிங்ரே நகர்ப் பக்கம் திரும்பினாலும் சரி, ஏதாவது ஒரு சொசைட்டியின் பார்க்கிங்கில் மைலேஜ் மாமாவைப் பார்த்துவிடலாம். இது தனி ஒருவரின் பெயர் இல்லை, ஒரு வகை. கட்கியிலோ திகியிலோ பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற தமிழராக இருக்கலாம். தினமும் சாகணுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நாற்பது வயதுக்காரராகவும் இருக்கலாம். மாமா ஆவதற்கு வயது தேவையில்லை, ஒரு கேள்வி போதும்: “எவ்வளவு குடுக்குது?” புதுக் கார் வாங்கியவரிடம் ஊரார் விலையைக் கேட்பார்கள், கலரைக் கேட்பார்கள்; மாமா நேரே லிட்டருக்கு வந்துவிடுவார். பதினைந்து என்றால் துக்கம் விசாரிப்பார். இருபது என்றால் நம்ப மாட்டார். தன் கார் எவ்வளவு கொடுக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வார், அதுவும் தசம புள்ளியோடு.

சிக்கனத்துக்காக அவரைக் கேலி செய்வது நியாயமில்லை. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய ஊரில், லிட்டர் கணக்குப் பார்க்காதவர்தான் வேடிக்கை மனிதர். மாமாவின் கோளாறு வேறு. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்ற பழமொழிக்கு நாலு சக்கரம் பூட்டி ஓட்டுகிறவர் அவர். மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை பழுதில்லாதது. எங்கே மிச்சம் பிடிப்பது என்ற அறிவுதான் இருபத்தைந்து வருடப் பழசு. காரை மாற்றினார், காரைப் பற்றிய எண்ணத்தை மாற்றவில்லை. அதனால் அவர் கஷ்டப்பட்டுச் சேமிக்கிற இடத்தில் சேமிப்பு அநேகமாக இல்லை. சேமிப்பு இருக்கிற இடத்தில் அவர் கை வைப்பதே இல்லை.

அவருடைய முதல் வழக்கு கம்பெனிமீது. “விளம்பரத்துல இருபத்திரண்டுன்னு போட்டான், எனக்குப் பதினஞ்சரைதான் வருது, ஏமாத்திட்டான்” என்பார். அந்த இருபத்திரண்டு எங்கே பிறந்தது என்று அவர் விசாரித்ததில்லை. விசாரிக்க டெல்லி போக வேண்டாம். இப்படிப்பட்ட எண்களுக்குச் சான்று தருவதால் ஊர் முழுக்கப் பெயர் தெரிந்த ஏஆர்ஏஐ என்ற, 1966இல் தொடங்கிய வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதே புனேயில்தான், கோத்ரூட் பக்கத்து வேதாள் குன்றில். சோதனைக்குப் போகும் கார் ரோட்டுக்கே வருவதில்லை. அறைக்குள் உருளைகளின் மேல் அதன் சக்கரங்கள் சுற்றும். ஏசி அணைந்திருக்கும். இருபது நிமிடத்துக்குள், பதினோரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தை, எந்த நொடியில் எந்த வேகம் என்று எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த அட்டவணையில் குறுக்கே பாயும் ஆட்டோ கிடையாது, தண்ணீர் டேங்கர் கிடையாது, எதிர்த்திசையில் வரும் டெலிவரி பையன் கிடையாது. இரண்டு கார்களை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கத்தான் அந்த எண். ஆளந்தி சாலையில் இவ்வளவு வரும் என்று யாரும் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மாமா அதை ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி மாதிரி எண்ணிக்கொண்டு, குறைந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாரண்டி கேட்கிறார்.

இழந்ததை மீட்க அவர் கையாளும் பிரம்மாஸ்திரம் நியூட்ரல். சரிவைக் கண்டதும் கியரை எடுத்துவிடுவார். இதை மூடத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது. அம்பாசடர், பத்மினி, 1983இல் வந்த மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். ஆக்சிலரேட்டரை விட்டாலும், சுற்றுகிற எஞ்சின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கார்புரேட்டரைக் கார்களிலிருந்து விரட்டின. பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் ஊசிகளும் அவற்றை ஆளும் கணினியும் அந்த இடத்துக்கு வந்தன. கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் ஆக்சிலரேட்டரிலிருந்து முழுதாக எடுபட்டால், அந்தக் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலுக்கு மாற்றினால் எஞ்சின் அணையாமல் இருக்கக் கணினி மறுபடி பெட்ரோல் தெளிக்க வேண்டும். ஆக, மாமா சரிவில் கியரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும், மூடியிருந்த குழாயைத் தன் கையாலேயே திறந்துவிடுகிறார்.

“நியூட்ரல்ல வண்டி ரொம்ப தூரம் உருளுதே?” என்று மாமா மடக்குவார். உருளும், அதில் பொய் இல்லை. எஞ்சினின் இழுவை இல்லாததால் நீண்ட, மெல்லிய, வெறிச்சோடிய சரிவில் அவர் கணக்கு கொஞ்சம் ஜெயிக்கக்கூடும். ஆனால் புனேயின் சரிவுகள் வெட்டவெளியில் முடிவதில்லை, சிக்னலிலோ வேகத்தடையிலோ முடிகின்றன. உருண்டு சேர்த்ததையெல்லாம் அடிவாரத்தில் பிரேக்கில் தேய்க்க வேண்டியதுதான். இதற்கு ஒருபடி மேலே போய் எஞ்சினையே அணைக்கிறவர்கள் உண்டு. அணைத்தபின் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும், சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் பூட்டியும் கொள்ளும். லாரியின் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் எஞ்சினோடு நின்றுபோகும். 2022 நவம்பர் 20ஆம் தேதி, புதிய காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவில் கனரக வாகனம் ஒன்று கட்டுமீறிப் பாய்ந்து, முன்னால் இருந்த கார்களை வரிசையாக நொறுக்கியது. சரிவில் டிரைவர் எஞ்சினை அணைத்திருந்தார் என்பதே விசாரணையில் போலீஸ் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். மாமா அந்தச் செய்தியைப் படித்து “லாரிக்காரங்களே இப்படித்தான்” என்று சொல்லியிருப்பார். அந்த டிரைவரும் தானும் ஒரே பள்ளிக்கூடம் என்பது அவருக்கு உறைத்திருக்காது.

பூசணிக்காய் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நின்றால், அந்த வேகம் வெறும் சூடாகிப் பிரேக் தட்டு வழியாகக் காற்றில் கலந்துவிடும், அதை எட்டுவதற்கு எரித்த பெட்ரோல் வீண். பெட்ரோலின் சக்தியில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது சுமார் 12 மில்லி. இன்றைய விலையில் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதாவது மாமா சடக்கென்று போடும் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை ஜன்னல் வழியே எறிகிறார். சங்கம்வாடி–விஷ்ராந்த்வாடி தடத்தில் 2015இல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை திறந்தபின், ஓரத்தில் ஒதுங்கிய கார்களுக்கு இடைவெளி என்பதே அபூர்வம். அந்த அபூர்வம் கண்ணில் பட்டதும் மாமா சீறிப் பாய்ந்து, ஐம்பதைத் தொட்டு, சிவப்பு விளக்கின் காலடியில் போய் நிற்பார். விளக்கு சிவப்பு என்பது நூறு மீட்டருக்கு முன்பே தெரிந்ததுதான். அங்கேயே காலை எடுத்திருந்தால் கணினி பெட்ரோலை நிறுத்தியிருக்கும், கார் தானாக வேகம் குறைந்து வந்திருக்கும், அதற்குள் பச்சையும் விழுந்திருக்கலாம். கோயிலுக்குப் போகும் எட்டு கிலோமீட்டர் பயணத்தில் இப்படிப் பத்து பிரேக் என்றால் பன்னிரண்டு ரூபாய்.

அதே பயணத்தில் அவர் சேமித்தது என்ன? ஏசியை அணைத்துவைத்தார். அந்த எட்டு கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் எழுபது ரூபாய் பெட்ரோல். ஏசி அதில் பத்து சதவீதம் தின்னும் என்று வைத்துக்கொண்டால் ஏழு ரூபாய். ஏழு ரூபாய்க்காகக் குடும்பம் வியர்த்து, பக்கத்து டெம்போவின் புகையை வாங்கி, கோயிலுக்குப் போவதற்குள் வாடிப்போகிறது; பன்னிரண்டு ரூபாய் சத்தமில்லாமல் பிரேக்கில் போகிறது. வேடிக்கை என்னவென்றால், ஊர்ந்து போகிற நகர வீதியில் ஜன்னலைத் திறப்பது சிக்கனம்தான். அந்த மட்டில் மாமா சரி. ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டு சாத்தாரா நெடுஞ்சாலை ஏறியதும் அதே ஜன்னல்களைத் திறந்தபடி நூற்றுப்பத்தில் பறப்பார். வேகம் 80லிருந்து 100 ஆனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். திறந்த ஜன்னலும் கூரைமேல் கட்டிய மூட்டையும் அதற்குத் துணை. வேகத்தைக் குறைத்து ஜன்னலை ஏற்றி ஏசி போடுவதுதான் அங்கே சிக்கனம். மழைக்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போனால் அதை உலர்த்துவதும் ஏசிதான். மாமாவோ ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் மஞ்சள் துணி.

டயரைப் பொறுத்தவரை மாமாவின் அளவுகோல் அவருடைய இடது கால். ஓர் உதை, “காத்து இருக்கு” என்று ஒரு தீர்ப்பு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: இவ்வளவு ஆளுக்கு, இவ்வளவு சுமைக்கு, முன்னால் இத்தனை பாயிண்ட், பின்னால் இத்தனை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்கவும் என்று. குறைந்த காற்று எஞ்சினைக் கூடுதலாக இழுக்க வைக்கும், டயரின் இரு ஓரங்களையும் தின்னும். இதைக் கேள்விப்பட்டுத் திருந்தும் மாமா நாற்பதுக்கு ஏற்றுவார். அப்போது நடுப்பகுதி தேயும், மழையில் பிடிமானம் குறையும். ஸ்டிக்கரில் போட்ட எண்ணை மட்டும் வைக்க மாட்டார். பங்க்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றைச் சந்தேகப்பட்டு, காசு கொடுத்து நைட்ரஜன் பிடிக்கிறவர்களும் இந்த வகையில் உண்டு. இலவசக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பது அவருக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.

காரின் மற்ற வசதிகளோடு அவருக்குள்ள உறவு, மாடி வீட்டுக்காரரோடு உள்ளது மாதிரி: பல வருடப் பழக்கம், பெயர் தெரியாது. பெட்ரோல் முள்ளின் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் மூடி எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பங்க்கிலும் இறங்கிப் பார்ப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட்ட சிறு சக்கரம், பின்னால் சுமை ஏறி முகப்பு விளக்கு வானம் பார்க்கும்போது அதைத் தாழ்த்துவதற்கு; அதை அவர் அலங்காரம் என்றே நினைத்திருக்கிறார். சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைத்து எழுப்பும் வசதி காரில் இருந்தால், ஏறியதும் முதல் வேலையாக அதை நிறுத்துவார், பேட்டரி போய்விடுமாம். மைலேஜுக்காகச் சரிவில் உயிரைக்கூடப் பணயம் வைப்பவர், மைலேஜுக்கென்றே வைத்த பொத்தானைக் கண்டு பயப்படுகிறார். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.

“என்னங்க, அந்த லைட்டு நேத்துலேர்ந்து எரியுதே?”

“அது சென்சார். அப்படித்தான் எரியும்.”

“எப்ப அணையும்?”

“நீ ரோட்டைப் பாரு.”

ரோட்டைப் பார்க்க வேண்டியவர் அவர். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்து, மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டு, பச்சை, நீலம் என்றால் வெறும் தகவல் என்ற மூன்று வரிப் பாடம் அவருக்கு யாரும் நடத்தவில்லை. “அதுக்குத்தான் மெக்கானிக் இருக்கானே” என்பது அவர் தரப்பு வாதம். மெக்கானிக் வருடத்துக்கு இரண்டு நாள் காரோடு இருக்கிறார். மிச்ச நாளெல்லாம் அந்த விளக்கின் எதிரே உட்கார்ந்திருப்பது மாமா. பெட்ரோல் அளவாகத் தெளிக்கப்படவில்லை என்றுகூடக் கார் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பதையே கவனிக்காமல், பங்க்கில் மீட்டர் பூஜ்யமாக இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை பார்ப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இப்போது அவருக்குப் புதிதாக ஒரு எதிரி கிடைத்திருக்கிறது: எத்தனால். எல்லாக் குறையும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் தலையில். இதிலும் அவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய எரிபொருளுக்கென்று வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒத்துக்கொண்டது. சரி, அந்த ஏழு சதவீதத்தை அரசாங்கத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். மாமாவின் காரில் காணாமல் போவது முப்பது. மீதி இருபத்து மூன்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பேச்சு உடனே ரோட்டுக் குழிகளுக்குத் தாவிவிடும்.

அந்த இருபத்து மூன்றில் பெரும்பகுதியை மீட்க ஒரு பைசா செலவில்லை. முன்னால் பார்த்து ஓட்டுகிற கண், சீக்கிரம் எடுபடுகிற வலது கால், ஸ்டிக்கரில் எழுதிய காற்று, விளக்கு எரிந்தால் கவனிக்கிற பழக்கம், அவ்வளவே. எல்லாம் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்த கையேட்டில், படத்தோடு, இருக்கிறது. கார் விலையிலேயே அதற்கும் சேர்த்துத்தான் மாமா பணம் கட்டியிருக்கிறார். கொடுத்த காசுக்கு வசூல் செய்யாமல் விடுகிறவர் இல்லை அவர். ஓட்டலில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்குகிறவர்தான். ஆனால் அந்தப் புத்தகம் மட்டும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கிறது. காரணம் கேட்டால் அதற்கும் ஒரு சிக்கனக் கணக்கு வைத்திருப்பார்: நாளைக்குக் காரை விற்கும்போது, எல்லாம் ஒரிஜினலாக, கை படாமல் இருந்தால்தான் நல்ல விலை கிடைக்குமாம்.