கோப்பையைச் சுழற்றுகிறவர்

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு சுமார் 50 கிலோமீட்டர் நீளம். மேற்குப் பக்கம் 29ஆம் நெடுஞ்சாலை, கிழக்குப் பக்கம் சில்வராடோ டிரெயில். சனிக்கிழமை காலை, இந்த இரண்டில் எதில் போவது என்று காரில் இருக்கும் மற்ற மூவருக்கும் விளக்கிக்கொண்டு வருகிறவர்தான் ஒயின் ரசிகர். 29இல் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சில்வராடோவில்தான் போவார்கள் என்பது இவர் கட்சி. இவரும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அன்று காலை புறப்பட்டு வந்தவர்தான்.

ஒயின் குடிக்கிறவர் வேறு, ஒயின் ரசிகர் வேறு. குடிக்கிறவருக்குக் கோப்பை காலியானால் போதும். ரசிகருக்கு அது காலியாவதற்குள் நான்கு வார்த்தை சொல்லியாக வேண்டும். டிசம்பர் கச்சேரியில் பாடகர் ராகத்தைத் தொட்ட மறுவிநாடியே அதன் பெயரைப் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்படி சொல்லிவிடுகிறவரைத் தெரிந்தவர்களுக்கு இவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இவர் அழைத்துப்போகும் ஒயினரிகள் எல்லாம் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாதவை. இதைச் சொல்லும்போது இவர் குரல் சற்றுத் தாழும், ஏதோ சமஸ்தானத்து அந்தப்புரத்தில் ஆள் தெரிந்தவர் போல. உண்மையில் இது உள்ளூர் நிர்வாகத்தின் விதி. விளைநிலம் கேளிக்கைத் தலமாகிவிடக் கூடாது என்று நாபா மாவட்டம் 1990இல் கொண்டுவந்த சட்டப்படி, அதற்குப் பின் அனுமதி பெற்ற ஒயினரிகள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ருசி காட்டலாம்.

ருசிக்கூடத்துக்குள் நுழைந்ததும் இவருடைய நேரம் தொடங்குகிறது. ஊற்றிக் கொடுப்பது ஏறத்தாழ 30 மில்லி; வீட்டில் இருமல் மருந்துக்கு இதைவிடப் பெரிய அளவு கிடைக்காது. இவர் கோப்பையைத் தண்டில் பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பார்க்கிறார். பிறகு சுழற்றுகிறார். கண்ணாடியின் உட்புறத்தில் கோடுகோடாக வழிந்திறங்குவதைக் காட்டி, "கால் எப்படி இறங்குது பாருங்க" என்கிறார். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகிறது. மீந்த படலத்தில் பரப்பு இழுவிசை கூடி, கீழிருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. அப்படி ஏறியது திரண்டு சொட்டாகி இறங்குகிறது. 1855இலேயே இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். கோடுகள் ஓரளவுக்கு ஆல்கஹாலைப் பற்றிச் சொல்லுமே தவிர ஒயின் நல்லதா என்று சொல்லாது. ஆனாலும் இவர் திருப்தியாகத் தலையசைக்கிறார்.

அடுத்து மூக்கு. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் நோபல், ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவான சொற்களில் பேசட்டும் என்று 1980களில் வாசனைச் சக்கரம் ஒன்றை வகுத்தார். நனைந்த நாய்கூட அதில் உண்டு. ரசிகருக்கு அது போதவில்லை. சீவிய பென்சில், மழை பெய்து ஓய்ந்த கருங்கல், பழைய குதிரைச் சேணம் என்று அடுக்குகிறார். கருங்கல்லை எப்போது நக்கிப் பார்த்தீர்கள் என்று கேட்பது மரியாதையில்லை. கூட வந்த மனைவி, "எனக்குத் திராட்சை வாசனைதான் வருது" என்றால், அது தொடக்க நிலை என்று மன்னித்துவிடுகிறார். ஊற்றிக் கொடுக்கும் பெண் இருவரையும் ஆமோதிக்கிறாள். பாட்டில் விற்க வேண்டியவள்.

மேசையில் ஒரு படிக்கமும் உண்டு. முதல் ஒயினரியில் இவர் முறைப்படி அதில் துப்புகிறார். இரண்டாவதில் பாதியைத் துப்புகிறார். மூன்றாவதில் படிக்கம் எங்கே இருக்கிறது என்றே பார்ப்பதில்லை. பாரிஸ் கதை வெளிவருவது இந்தக் கட்டத்தில்தான். 1976இல் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிஸில் நடத்திய, பெயர் மறைத்த போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே நாபா ஒயினரிகளான ஷாட்டோ மான்டெலினாவின் 1973 ஷார்டொனேக்கும் ஸ்டாக்ஸ் லீப்பின் 1973 கபர்னே சாவிஞோனுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். நடந்தது நடந்ததுதான். ஆனால் ரசிகர் சொல்லும் விதத்தில் இன்னொரு நடுவராக ஓரத்தில் இவரும் இருந்திருப்பார் போலத் தோன்றும்.

மதியத்துக்கு 1881 முதல் இருந்துவரும் ஓக்வில் கிராசரியில் சாண்ட்விச். சாப்பிடுகிற பத்து நிமிஷம் காரில் அமைதி.

மாலை ஐந்துக்கு ருசிக்கூடங்கள் மூடிவிடும். நாபா நகரத்து ஒயின் பார் திறந்திருக்கும். பக்கத்து மேசையில் திராட்சை பிழிந்து கை கறுத்த தொழிலாளர்கள் பியர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல ஒயின் செய்ய நிறைய பியர் வேண்டும் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் பேச்சு. ரசிகர் பட்டியலைத் திறந்து, மெர்லோவைத் தவிர எதுவானாலும் சரி என்கிறார். இது 2004இல் வந்த 'சைட்வேஸ்' படத்தின் உபயம். அதன் நாயகன் மைல்ஸ் மெர்லோவைத் தொடவே மாட்டேன் என்று கத்துவான். அதே மைல்ஸ் பொக்கிஷமாகக் காக்கும் 1961 ஷெவால் பிளாங்க் ஒயினில் மெர்லோ திராட்சையும் கலந்திருக்கிறது. கடைசியில் அதை அவன் குடிப்பது ஒரு ஹாம்பர்கர் கடையில், தெர்மோகோல் கோப்பையில். இந்தக் காட்சி மட்டும் ரசிகருக்கு நினைவில் இல்லை.

இரவு எட்டு மணிக்குப் பசி வருகிறது. 1949இல் செயின்ட் ஹெலினாவில் சாலையோரம் தொடங்கிய ஹாம்பர்கர் கடை, இப்போது காட்ஸ் என்ற பெயரில், நாபா நகரத்திலும் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே இவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது: சீஸ் பர்கர், உருளை வறுவல், ஒரு மில்க் ஷேக். ஷேக் வந்ததும் சுழற்றாமல், முகராமல், ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சுகிறார். எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்கிறாள்.

"நல்லா இருக்கு" என்கிறார்.