கார் போனாலும் பெயர் போகாது!

கேள்வி: பத்து வருடம் ஓட்டிய காரை அலைச்சலின்றி, நியாயமான விலைக்கு விற்பது எப்படி?

பதில்: அதே மாடல், அதே வருடக் கார்களுக்கு இணையத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை, கைக்கு வரும் விலை வேறு. பழைய கார் வாங்கும் இரண்டு மூன்று நிறுவனங்களில் மதிப்பிட்டுப் பார்த்தால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். நேரடியாக வாங்குபவர் பெரும்பாலும் அதற்கு மேல் தருவார். வியாபாரி அலைச்சலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கூலியை விலையில் கழித்துக்கொள்வார். இரண்டுமே நியாயம்தான்.

புது பெயிண்ட் வேண்டாம், சந்தேகம்தான் வரும். சர்வீஸ் ரசீதுகளை எடுத்து வைத்தால் பேரம் பாதி குறையும்.

உண்மையான தலைவலி பணம் வாங்கிய பிறகுதான். ஒருவர் 2007இல் விற்ற மாருதி 800 பல கை மாறி, 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது! அதனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதாது. பெயர் மாறியதை அரசின் 'பரிவாகன்' தளத்தில் பார்த்த பிறகே நிம்மதியாகத் தூங்கலாம். கார் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் தேவை. ஃபாஸ்டேக்கையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் புது முதலாளியின் குற்றாலப் பயணத்துக்குப் பழைய முதலாளி சுங்கம் கட்டுவார்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: காப்பீட்டின் 'நோ கிளெய்ம் போனஸ்' காருக்குச் சொந்தமில்லை, விற்பவருக்கே சொந்தம். சான்று வாங்கி வைத்தால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும்.